மாவு பறந்த மத்தியானம்

அவனுக்கு வீட்டில் வைத்தது நல்ல பெயர்தான். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், "ஏண்டா, கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி நிக்கிறே?" என்று கேட்கப்போக, அது கூட்டாளிகள் வாயில் தேய்ந்து 'வெந்நீர்' என்று நிலைத்துவிட்டது. ஸ்டுடியோ வைத்தபோது பலகையிலும் அதையே எழுதிக்கொண்டான். ஹீட்டர் பழுது பார்க்க வருவீர்களா என்று கேட்டு இன்றைக்கும் யாராவது போன் செய்வார்கள்.

கல்யாணப் படம் எடுப்பவனுக்கு அந்தப் பரபரப்பு ஒரு வசதி. கூட்டத்தின் ஒரு கோடியில் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைப்பதும், மறு கோடியில் ஒரு குழந்தை நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்து கேக் தின்பதும் அவனுக்கு ஒரே நேரத்தில் தெரியும். இரண்டு இடத்திலும் அவனே இருப்பான். ஆனால் அன்றைக்கு எந்த இடத்திலும் அவனால் இருக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தை இறக்கித் துடைத்தான். காப்பியைப் போட்டு வைத்துவிட்டு அதைத் தேடினான்.

காரணம் இருந்தது. குழந்தைகள் காப்பகத்தில் அன்றைக்குத்தான் கமிட்டி கூடுகிறது. அவனும் மனைவியும் தத்தெடுக்க எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. கடைசியில் ஒரு பெண் குழந்தையைக் காட்டினார்கள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. முதல் தடவை பார்க்கப் போனபோது அவள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் தடவை அவன் மனைவியின் பக்கத்தில் வந்து நின்று, "உங்க வீட்டுல ஜன்னல் கையெட்டுற உயரத்துல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவளை இவர்களுக்குத் தருவதா வேண்டாமா என்று இன்றைக்குள் சொல்லிவிடுவார்கள். முதல் போன் நம்பராக அவனுடையதும், இரண்டாவதாக மனைவியுடையதும் கொடுத்திருந்தார்கள்.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண் சோதித்து நம்பர் எழுதுவாள். "லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து உங்களைப் பார்த்துட்டே இருந்தா எனக்குத் தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் தன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டாள். "அண்ணே, அந்தப் பறவைப் படமெல்லாம் எடுக்கணும்னு சொன்னியே, இன்னிக்கே இவரைக் கூப்பிட்டு வச்சுக்கோ. புண்ணியமாப் போகும்."

அவளுடைய அண்ணன் அடிபட்ட பறவைகளுக்கான மருத்துவமனையில் பராமரிப்பாளர். பழைய ஐஸ் ஃபாக்டரிக் கட்டடம் அது. சுவர் தடிமனாக, ஜன்னல்கள் உயரத்தில், உள்ளே எப்போதும் ஒரு குளிர்ச்சி. பருந்து, வல்லூறு, ஆந்தை என்று வேட்டைப் பறவைகள் மட்டும் அங்கே இருந்தன. வாசலில் ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பலகை வைக்கத் திட்டம். முகத்தைப் பக்கத்தில், ஆளுயரத்துக்குக் காட்டுகிற மாதிரி படம் வேண்டும்.

மச்சான் கனத்த உடம்புக்காரர். ஒரு முழங்கால் சரியில்லை. நடக்கும்போது கதவு நிலையைப் பிடித்துப் பிடித்துத்தான் போவார். வாசலிலேயே நிறுத்திச் சட்டம் சொன்னார்.

"மாப்ள, ஃப்ளாஷ் கிடையாது. போன் வெளிய. இங்க ரெட்டைக் கதவு. உள்கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் வெளிக்கதவைத் தொடணும். புரிஞ்சுதா?"

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்களே மச்சான்."

"சின்னப் பிள்ளைன்னா ஒரு தடவை சொன்னாப் போதும்."

போனை அவன் வெளியே வைக்கவில்லை. சத்தத்தை மட்டும் அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இன்றைக்கு ஒரு நாள் எப்படி வெளியே வைப்பது?

முதலில் பருந்து. பட்டக் கயிறு அறுத்த இறக்கையை ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டையில் உட்கார்ந்திருந்தது. அவன் கேமரா முக்காலியை நகர்த்தினால் அது நகர்ந்தது. அவன் குனிந்தால் அது நிமிர்ந்தது. பிறகு வல்லூறு. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு வெட்டு. கண்ணாடிக் கட்டடத்தில் மோதி விழுந்ததாம். அதன் முகத்தைக் குவியத்துக்குள் கொண்டுவந்து மூச்சைப் பிடிக்கும்போதெல்லாம் அவனுடைய இடது கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் வல்லூறின் தலை வெட்டென்று திரும்பியது. எடுத்த படத்தில் பாதிக்குப் பின்மண்டைதான் இருந்தது.

"கை என்ன அங்கயும் இங்கயும் ஓடுது?" என்றார் மச்சான். "எலின்னு நினைச்சுக்குது. அதோட கண்ணுக்கு உன் விரலெல்லாம் தீனி."

கொம்பன் ஆந்தை இன்னும் மோசம். அவன் உள்ளே போன உடனே உடம்பை இரண்டு மடங்காக ஊதிக்கொண்டு அலகைச் சொடுக்கியது. ஆரஞ்சு நிறக் கண் இரண்டும் குழிக்குள் அசையவே அசையாது. முழுத் தலையையும்தான் திருப்பும். அந்தத் தலை தன் பக்கம் திரும்பியபோது, செய்யாத குற்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்போல அவனுக்கு இருந்தது. பின்னால் எடுத்து வைத்த கால் தண்ணீர் வாளிக்குள் போய்விட்டது. நனைந்த பேன்ட்டோடு நின்று எடுத்தான். கேமராத் திரையைப் பார்த்துவிட்டு மச்சான், "பரவாயில்லை, கோவமா இருக்கிற மாதிரி நல்லா வந்திருக்கு" என்றார்.

"கோவம்தான் மச்சான், நிஜமாவே."

கடைசியாகக் கூகை என்கிற வெள்ளை ஆந்தை. அதற்கு மாவு என்று பெயர். மாவு மில்லில் மூட்டைக்குப் பின்னால் கிடந்த குஞ்சை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். முகமும் மாவில் அழுத்தி எடுத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மச்சான் கையால் இறைச்சித் துண்டு தின்று வளர்ந்தது. விசில் அடித்தால் கைக்கு வரும். எலியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வெளியே விட்டால் பட்டினியில் செத்துப்போகும் என்பதால் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டிய பறவை.

மற்றதெல்லாம் அவனைக் கண்டு விலகியதென்றால், மாவு அவனைப் பார்க்க ஆசைப்பட்டது. கழுத்தை இடமும் வலமுமாக நீட்டி நீட்டி, மேலும் கீழும் ஆட்டி, இந்த மனுஷன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணக்குப் போட்டது. அவன் லென்ஸைப் பக்கத்தில் கொண்டுபோனான். உயர ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அந்த முகத்து இறகுகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தது. நடுவில் இரண்டு கறுப்புக் கண்கள், ஆழம் தெரியாத கிணறு மாதிரி. காலையிலிருந்து முதல் தடவையாகக் கையைப் பைக்குக் கொண்டுபோக மறந்தான். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவனுக்கே மெய் சிலிர்த்தது. ஒரே ஒரு குறை. கீழே, காலில் கட்டிய தோல்வாரும் அதிலிருந்து போகிற கயிறும் தெரிந்தன.

"மச்சான், அந்தக் கயிறை மட்டும் அவுத்து விடுங்களேன். முழு உருவம் ஒண்ணு எடுத்துடறேன். கயிறு தெரிஞ்சா கைதி மாதிரி இருக்கு."

"வேணாம்."

"உள்ளதானே இருக்கு. கதவு சாத்தியிருக்கு. எங்க போயிடும்?"

மச்சான் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். படம் அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, "இறைச்சி எடுத்துட்டு வரேன். நீ நகராதே" என்று பின்னறைக்குப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பையில் போன் துடித்தது.

அவன் பார்க்கக்கூட இல்லை. காப்பகம்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது. உள்கதவைத் தள்ளிக்கொண்டு இடைவழிக்கு வந்தான். அங்கே சிக்னல் விட்டு விட்டு வந்தது. வெளிக்கதவையும் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். தாழ்ப்பாள் விழுந்ததா, சத்தம் கேட்டதா என்பதெல்லாம் அவன் காதில் இல்லை.

"ஹலோ! சொல்லுங்க மேடம்!"

"மேடமா? நான் போன மாசம் கல்யாணம் நடத்தினேனே, பொண்ணோட அப்பா" என்றது ஒரு கட்டைக் குரல். "ஆல்பம் வந்துச்சு. எங்க சித்தப்பா மூஞ்சி ஒரு படத்துலகூட இல்லையேப்பா. மனுஷன் சாப்பிடாம உக்காந்திருக்காரு."

பதில் சொல்ல வாயைத் திறந்தான். தலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ போனது. சத்தமே இல்லை. தலையணை உறையைக் காற்று கொண்டுபோகிற மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் மாவு மதில் சுவரைத் தாண்டிவிட்டது.

மச்சான் கையில் இறைச்சித் தட்டோடு கதவில் வந்து நின்றார். திறந்து கிடந்த இரண்டு கதவுகளையும் பார்த்தார். அவனைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கொக்கியில் தொங்கிய தோல் கையுறையை எடுத்து, இறைச்சியை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, "வா" என்று மட்டும் சொன்னார்.

எங்கே போய்த் தேடுவது என்று அவர்கள் குழம்பத் தேவையிருக்கவில்லை. பட்டப்பகலில் கூகை வெளியே வந்தால் காக்கைகள் விடுமா? ஒன்று கத்தியது, பத்து சேர்ந்தது, பிறகு தெருவே காக்கைக் கூட்டமாகிவிட்டது. அந்தக் கூச்சல் போன வழியே இவர்களும் போனார்கள். டயர் கடைக்காரர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த டியூபைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். சலூனில் பாதி முகத்துக்கு நுரை பூசிய ஆள் ஒருவர் வாசலுக்கே வந்து, "அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். சலவைக்காரர் மொட்டைமாடியில் காய்ந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் மாவு ஒரு கணம் இறங்கி எழும்பியது. எது துணி, எது பறவை என்று காக்கைகளுக்கும் குழப்பம். மறுபடியும் துரத்தல்.

வெந்நீர் ஓடினான். முனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தான். மச்சானுக்காக நின்றான், நிற்க முடியாமல் மறுபடியும் ஓடினான். மச்சான் சுவரைப் பிடித்து, மின்கம்பத்தைப் பிடித்து, நின்றிருந்த கார்களைப் பிடித்து வந்துகொண்டிருந்தார். முகம் வேர்வையில் ஊறியிருந்தது.

"மச்சான், நீங்க உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டதுதான் இப்ப மேல பறக்குது" என்றார் அவர். அன்றைக்கு அவர் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான்.

கூச்சல் பஸ் டெப்போவின் பட்டறைக் கொட்டகை மேல் போய் நின்றது. உயரமான தகரக் கூரை, முன்பக்கம் கதவே இல்லாமல் அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே பழுதுக்கு வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. கூரைக்கு அடியில் இரும்பு உத்திரத்தின் மூலையில், ஒட்டடைக்கு நடுவில், மாவு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எப்போதும் அகன்று இருக்கும் முகம் பயத்தில் குறுகி நீண்டுபோயிருந்தது. வெளியே காக்கைகள் தகரத்தின் மேல் நடக்கிற சத்தம் டக்டக்கென்று கேட்டது.

டெப்போ மேற்பார்வையாளர் ஒரு பெண். காதில் பென்சில் செருகியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "சரி, பறவை. அதுக்காக சாயங்கால ஷிஃப்ட் பஸ்ஸை நான் எப்படிய்யா நிறுத்தறது?" என்றாள்.

"ஒரு ஹாரன் அடிச்சா அது வெளிய பாயும்மா" என்றார் மச்சான். "பாய்ஞ்சா காக்கா கொத்திப் போட்டுடும். ஷிஃப்ட் வரைக்கும் இந்தக் கொட்டகையில மட்டும் யாரும் இன்ஜின் போடாம இருந்தாப் போதும்."

அவள் மேலே பார்த்தாள். ஒட்டடைக்குள்ளிருந்து அந்த வெள்ளை முகமும் அவளைப் பார்த்தது. "ஷிஃப்ட் வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த மெக்கானிக்குகளை எல்லாம் டீ குடிக்க விரட்டினாள்.

மாவு இறங்கி வர வேண்டுமென்றால் அதற்கு எதிரே, பார்வைக்கு நேராக ஒரு கை இருக்க வேண்டும். அந்த உயரத்தில் நிற்க ஒரே இடம்தான் இருந்தது, உத்திரத்துக்குக் கீழே நின்ற பஸ்ஸின் கூரை. பின்பக்கத்தில் ஏணி. மச்சான் அந்த ஏணியைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், கடைசியில் வெந்நீரைப் பார்த்தார். அவர் பெருமூச்சு கொட்டகை முழுக்கக் கேட்டது.

"கையுறையைப் போடு. இறைச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடி. கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி நில்லு. விசிலை நான் கீழருந்து அடிக்கிறேன். நீ எதுவும் செய்ய வேணாம்."

"எவ்ளோ நேரம் மச்சான்?"

"அது வர்ற வரைக்கும். மாப்ள, நான் சொல்றதைக் கேளு. எதுவும் செய்யாம நிக்கணும். அதைத்தான் நீ செய்யணும்."

அவன் ஏறி நின்றான். பஸ் கூரையில் கிரீசும் தூசியும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. தகரம் காலுக்கடியில் லேசாக அமுங்கியது. கையை நீட்டினான். மச்சான் இரண்டு விரலை வாயில் வைத்து மெதுவாக விசில் அடித்தார். மாவு தலையைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான். வரவில்லை.

நேரம் ஊர்ந்தது. முதலில் மூக்கு அரித்தது. பிறகு முதுகு. பிறகு ஈரம் காயாத பேன்ட்டுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. தோள் கனத்து, பிறகு வலித்து, பிறகு தன்னுடையது இல்லை என்பதுபோல் மரத்தது. உடம்பு நின்றாலும் மனசு நிற்க வேண்டுமே. அது எங்கெங்கோ ஓடியது. பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஜன்னல் கையெட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் கம்பி கொஞ்சம் அகலம், குழந்தை தலையை விட்டுவிட்டால்? முன்னால் வீட்டை விசாரிக்க வந்த கமிட்டிப் பெரியவர் ஒருவர், 'நீங்க எப்பவுமே இப்படித்தான் காலை ஆட்டுவீங்களா?' என்று கேட்டாரே, அதை எழுதி வைத்திருப்பாரா? கால் ஆட்டுகிறவனுக்குப் பிள்ளை தர மாட்டார்களா?

மனைவி வந்துவிட்டாள். மச்சான் போன் செய்திருப்பார், அவள் கடை அடுத்த தெருதான். வெள்ளைக் கோட்டோடு கொட்டகை வாசலில் நின்று, பஸ் மேல் கை நீட்டி நிற்கிற புருஷனைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று மேலிருந்து தெரியவில்லை.

அப்போதுதான் அவன் சட்டைப் பையில் போன் துடித்தது.

நெஞ்சுக்கு மேலேயே துடித்தது. அது சாப்பிடாத சித்தப்பாவாக இருக்கலாம். காப்பகத்து மேடமாகவும் இருக்கலாம். இடது கை தானாகக் கிளம்பியது. உத்திரத்தில் மாவின் தலை வெட்டென்று அந்தக் கையின் பக்கம் திரும்பி, உடம்பு பாய்வதற்குத் தயாராக முன்னால் சாய்ந்தது. சாய்ந்தது வெளி வாசல் பக்கமாக. அவன் கையை அப்படியே நிறுத்தினான். இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில், அந்தரத்தில். போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது. மறுபடியும் துடித்தது. மறுபடியும் ஓய்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் முடியாது.

கொஞ்ச நேரத்தில் கீழே மனைவி அவசரமாகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். போனைக் காதில் வைத்து, மறு காதைப் பொத்திக்கொண்டு மதிலோரம் நடந்தாள். அவன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தான். அவள் ஏதோ கேட்டாள். நெற்றியில் கை வைத்தாள். திரும்பி இவனைப் பார்த்தாள், நெடுநேரம். பிறகு ஏதோ சொன்னாள். போனை அணைத்த கையோடு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

என்ன? என்று புருவத்தால் கேட்டான். அவள் அசையவில்லை. உதட்டை அசைத்துக் கேட்டான். மச்சான் கீழிருந்து சுட்டுவிரலை ஆட்டினார். சும்மா நில்.

முடியாது என்று சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் அவள் ஏன் முகத்தைத் துடைக்க வேண்டும்? சரி என்று சொல்லியிருந்தாலும் துடைப்பாளே. ஒரு தலையாட்டல் போதும், அதைக்கூடச் செய்யாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறாளே. இறங்கி ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் என்று உள்ளுக்குள் கொதித்தது. அந்தக் கொதிப்போடு, இறைச்சித் துண்டைப் பிடித்தபடி, பஸ் மேல் நின்றான். வெளியே வெயில் சாய்ந்து கொட்டகைக்குள் நீளமாக விழுந்தது. ஷிஃப்ட்டுக்கு டிரைவர்கள் வர ஆரம்பித்தார்கள். மேற்பார்வையாளர் அவர்களை வாசலிலேயே மறித்து, வாயில் விரல் வைத்து, அங்கேயே நிறுத்தினாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மச்சான் மறுபடியும் விசில் அடித்தார்.

மாவு கழுத்தை இடமும் வலமுமாக நீட்டியது. மேலும் கீழும் ஆட்டியது. குறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பிறகு உத்திரத்திலிருந்து சும்மா சரிந்தது. இறக்கை விரிந்ததைப் பார்த்தான், காற்று முகத்தில் பட்டது, சத்தம் மட்டும் இல்லை. அடுத்த கணம் கையுறையில் கனம். கனம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பஞ்சுத் தலையணை அளவுக்கு. ஆனால் தோலைத் தாண்டி அழுத்திய நகங்கள் நிஜமாக இருந்தன. இறைச்சியை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, அவன் முகத்துக்கு அரை சாண் தூரத்தில் நின்று அவனைப் பார்த்தது. லென்ஸ் இல்லாமல் அவ்வளவு பக்கத்தில் எந்த உயிரும் அவனைப் பார்த்ததில்லை.

"வாரைப் பிடி! விரலுக்கு நடுவுல வாரைப் பிடி!" என்றார் மச்சான் அடித்தொண்டையில்.

பிடித்தான். ஒற்றைக் கையால் ஏணியைப் பற்றி இறங்கினான். கடைசிப் படியில் மச்சான் மாவைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். அதன் நெஞ்சிலும் இறக்கையிலும் விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். வாலில் ஒரு இறகு போயிருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அவர் மாவோடுதான் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற டிரைவர்கள் கைதட்டப் போனார்கள். மேற்பார்வையாளர் ஒரு பார்வை பார்த்தாள், கைகள் இறங்கிவிட்டன.

வெந்நீர் மனைவி முன்னால் போய் நின்றான். நீட்டிய கை இன்னும் பாதி நீட்டியபடியே இருந்தது, மடக்க வரவில்லை.

"சொல்லு. என்ன சொன்னாங்க? இல்லைன்னுட்டாங்களா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லேன்."

"முதல்ல மூச்சு விடுங்க."

"விட்டாச்சு. சொல்லு."

"குடுக்கிறோம்னுதான் சொன்னாங்க" என்றாள். அவன் குதிப்பதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க, முழுசாக் கேளுங்க. அவளுக்கு ஒரு தம்பி இருக்கானாம். வேற காப்பகத்துல இருந்திருக்கான், இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாம். ரெண்டு பேரையும் பிரிக்க மாட்டோம், எடுத்தா சேர்த்துதான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ் மூடறதுக்குள்ள பதில் வேணும்னாங்க. முதல்ல உங்களுக்குத்தான் அடிச்சாங்களாம், நீங்க எடுக்கலை."

"நான் எப்படி எடுக்கிறது? அது மேல..." அவன் நிறுத்தினான். "நீ என்ன சொன்னே?"

"நீங்க மரம் மாதிரி நின்னுட்டு இருந்தீங்க. மரத்தைப் பார்த்து என்னத்தைக் கேக்கறது? சரின்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்." பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை. "தப்பா?"

பஸ்ஸைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தான். மறுபடியும் ஒரு தடவை. அவள் கண்ணாலேயே அவனைத் தொடர்ந்தாள். மூன்றாம் சுற்றில் அவள் எதிரில் வந்து நின்றான். முகமெல்லாம் கிரீஸ், கண்ணெல்லாம் சிவப்பு.

"பையனுக்கு என்ன வயசாம்?"

"இப்பத்தான் தத்தித் தத்தி நடக்கிறானாம். ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறானாம். மேடமே சொன்னாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று அவனுக்கே புரியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்தான். வெள்ளைக் கோட்டில் கறுப்பாக ஒரு நெற்றி பதிந்தது. பின்னால் ஒவ்வொன்றாக இன்ஜின்கள் கிளம்பின.

மச்சான் அவனோடு சில நாள் பேசவில்லை. அவர் முழங்கால் வீங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார். இவன் போய்ப் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது மட்டும், "மாவோட படத்தை, அந்தக் கயிறு தெரியறதையே போட்டுடு" என்றார். இன்றைக்கும் வாசல் பலகையில் அந்தப் படம்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் குழந்தைகளை அழைத்துவரப் போனார்கள். பெண் வாசற்படியில் நின்றிருந்தாள். தம்பியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். யாரும் பிடுங்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்கிற பிடி. பையன் அந்தப் பிடியிலிருந்து நழுவப் பார்த்து எல்லாத் திசையிலும் இழுத்துக்கொண்டிருந்தான். கையெழுத்தெல்லாம் முடிந்து ஸ்டுடியோ வேன் பக்கத்தில் வந்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்னால் முழுக்க விளக்குத் தாங்கிகளும் முக்காலிகளும் வெளிச்சத்தை மட்டுப்படுத்துகிற வெள்ளைக் குடைகளும் பெட்டிகளும். நடுவில் ஒரே ஒரு சின்ன இருக்கை, அவளுக்காக மாட்டியது.

"இவன் எங்க உக்காருவான்?" என்று கேட்டாள்.

வெந்நீர் மனைவியைப் பார்த்தான். காலையிலிருந்து ஆயிரம் விஷயம் ஓடிய மனசில் இது மட்டும் ஓடவில்லை. வேனின் பின்கதவைத் திறந்து முதல் முக்காலியை எடுத்துத் தெருவில் வைத்தான். பிறகு விளக்குகள். பிறகு பெட்டிகள். நடைபாதையெல்லாம் சாமான் பரவியது, போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி உட்காரக்கூடிய அளவுக்கு இடம் காலியானதும்தான் அவன் மணிக்கட்டை விட்டாள். அவன் நேராகத் தத்தித் தத்தி ஓடிப்போய், தெருவில் கிடந்த வெள்ளைக் குடை ஒன்றுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டான்.